தண்ணீரிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்பவர்களுக்கு

நேற்றைய குடியிருப்போர் கூட்டத்தில் நடந்ததை இதற்குள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த ஒரு நிமிட வீடியோவும் வந்திருக்கும். அதில் கையில் பாட்டிலோடு அசடு வழிய நிற்பது நான்தான். நம் கழிவுநீரைச் சுத்திகரித்து, மணலில் வடிகட்டி, கழிப்பறைக்கும் செடிக்கும் விடலாம் என்று கேட்கத்தான் போனேன், பாட்டிலில் இருந்தது அப்படி வடிகட்டிய தண்ணீர். "மணலில் ஊற்றினால் சாக்கடை தண்ணீராகிவிடுமா?" என்று ஒருவர் கேட்க, மொத்தக் கூட்டமும் சிரித்தது. அரை மணி நேரமாக நான் சொன்னதே அதற்கான பதில்தான் ஐயா.

மணலுக்கு வருவது சாக்கடை அல்ல. நுண்ணுயிர்கள் தின்று தீர்த்து, கசடு அடியில் தங்கி, மேலே தெளிந்து வந்த நீர். மிச்சமிருக்கும் மெல்லிய கலங்கலைப் பிடிப்பது மணலின் வேலை. கலங்கல் இருந்தால் கிருமிகள் அதற்குள் ஒளிந்துகொள்ளும், குளோரின் சரியாக எட்டாது. அதனால்தான் முதலில் மணல், அப்புறம் குளோரின். இந்த வரிசையைச் சொல்வதற்குள் மைக்கை வாங்கிவிட்டார்கள்.

மணல் வெறும் சல்லடை என்றுதான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் நினைத்தேன். எனக்குக் கிடைத்தது மெதுமணல் வடிகட்டி. மணிக்கு 10, 20 சென்டிமீட்டர்தான் தண்ணீர் இறங்கும். சில வாரங்களில் மணலின் மேல் பழுப்பாக, வழவழவென்று ஒரு ஏடு படர்ந்தது. அழுக்கு என்று நினைத்து, யாரையும் கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் சுரண்டி எடுத்தேன். (அதில் பெருமை வேறு!) அந்த வாரப் பரிசோதனையில் கிருமி எண்ணிக்கை எகிறியது. கிருமியைத் தின்றுகொண்டிருந்ததே அந்த ஏடுதான். அடைத்துக்கொண்டால் சுரண்டத்தான் வேண்டும், தப்பில்லை. ஆனால் மறுபடி ஏடு பிடிக்கும்வரை அந்தத் தண்ணீரைத் தொட்டிக்கு விடக் கூடாது. நான் விட்டேன். வயதான ஆபரேட்டர் திட்டவில்லை. "ஒரு மாசமா வளர்த்தது தம்பி" என்றார். திட்டியிருக்கலாம்.

சரி, என் கதையை விடுங்கள். 1892-இல் ஹாம்பர்க்கில் காலரா வந்து 8,000 பேருக்கு மேல் செத்தார்கள். அந்நகரம் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் குடித்தது. ஒட்டியே இருந்த அல்டோனா நகரம், ஹாம்பர்க்கின் சாக்கடையும் கலந்து வந்த அதே ஆற்றை அதற்கும் கீழே எடுத்தது. ஆனால் மணலில் வடிகட்டிக் குடித்தது. அங்கே சாவு மிகக் குறைவு. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பார்க்காதீர்கள், இப்போது எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நேற்று நான்கு முறை சொன்னேன், இது ஐந்தாவது.

"நீ குடிப்பாயா?" என்று கேட்பார்கள். குடிக்கவா சொன்னேன்? கழிப்பறைக்கும் செடிக்கும்தானே கேட்டேன்? குடிக்கிற ஊரும் இருக்கிறது: நமீபியாவின் விண்ட்ஹோக்கில் 1968 முதல் சுத்திகரித்த கழிவுநீரைக் குடிநீரோடு சேர்க்கிறார்கள். மணலோடு நிறுத்தவில்லை, ஓசோன், கரி, சவ்வு என்று தடுப்புக்கு மேல் தடுப்பு. டெல் அவீவ் பகுதியின் கழிவுநீரைச் சுத்திகரித்து மணல்மேடுகளுக்குள் இறக்கி, மாதக்கணக்கில் ஊறவிட்டு எடுத்து, நெகேவ் பாலைவனத்து வயல்களுக்கு அனுப்புகிறார்கள். நம் செம்பருத்திக்கு மட்டும் ஆகாதாம்.

உப்பு போகாதே என்று ஒருவர் கேட்டார். போகாது, ஒப்புக்கொள்கிறேன். கரைந்த உப்பை மணல் பிடிக்காது. செடிக்கு விடும்போது அதைக் கவனிக்கத்தான் வேண்டும். உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். நாற்றம் பற்றிக் கேட்டவருக்குப் பதில் சொல்ல விருப்பமில்லை, பாட்டிலை அவர் முகரவே இல்லை.

உண்மையில் எனக்கு வலித்தது சிரிப்பு அல்ல. "சாக்கடைக்காரர் வந்துட்டார்" என்று பின்வரிசையில் ஒரு குரல். இருபது வருடம் பார்த்த வேலை. நீங்கள் பொத்தானை அழுத்திவிட்டுக் கதவைச் சாத்துகிறீர்கள். அதற்கு அப்புறம் அதைத் தொடுவதற்கு ஒரு ஆள் இருக்கிறான். தண்ணீரிடம் கேட்கும் அதே கேள்வியைத்தான் அவனிடமும் கேட்கிறீர்கள் என்று தோன்றியது. எத்தனை முறை வடிகட்டினாலும் தீராது போல.

கூட்டம் முடிந்ததும் தலைவர் அந்தப் பாட்டிலைச் செய்தித்தாளால் பிடித்து ஓரமாக நகர்த்திவைத்தார். வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன். ஜன்னலில் இருக்கிறது. அதன் வழியாக எதிர்வீட்டுக் கம்பிகளை எண்ணலாம். பதினொன்று.