கொம்பை எண்ணினால் மானின் வயது தெரியுமா?

அமிர்தி பூங்காவின் புள்ளிமான் படத்தோடு, 'கொம்பில் எத்தனை கிளையோ அத்தனை வயது' என்று வேலூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. புள்ளிமான் கொம்பு உதிர்ந்து உதிர்ந்து முளைப்பது. வளர்ந்த ஆணுக்குப் பக்கத்துக்கு மூன்று கிளைதான் வழக்கம், எத்தனை வயதானாலும். பெண்மானுக்குக் கொம்பே இல்லை. அப்படியானால் அதற்கு வயதே ஆகாதா?

வயதைச் சொல்வது கீழ்த்தாடைப் பல். அமெரிக்காவில் வேட்டையாடிய வெண்வால் மானுக்கு இப்படித்தான் பார்க்கிறார்கள்: மூன்றாவது முன்கடைவாய்ப் பல்லில் மூன்று முகடு (பல்லின் மேல் எழும் மேடு) இருந்தால் பால்பல், வயது ஏறக்குறைய ஒன்றரைக்குள். விழுந்து முளைத்ததில் இரண்டு முகடுதான். அப்புறம் தேய்மானத்தை வைத்து ஓர் ஊகம், அவ்வளவே.

சரி, சோதித்துப் பார்க்க ஜவ்வாது மலைக்குக் கிளம்பிவிடாதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டப்படி மான் வேட்டை குற்றம்.