பெரிய கோயில் நிழல் தரையில் விழும்

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழவே விழாது என்று வாட்ஸ்அப்பில் மறுபடி சுற்றுகிறது. தவறு. சாயங்காலம் நந்தி மண்டபப் பக்கம் போய் நில்லுங்கள், மேற்கே சாயும் வெயிலில் விமானத்தின் நிழல் கல் பாவிய முற்றத்தில் நீளமாகக் கிடக்கும், குழந்தைகள் வெறுங்கால் சுடாமல் இருக்க அதில்தான் உட்கார்ந்திருப்பார்கள். சித்திரை உச்சிவெயிலில் சூரியன் தலைக்கு நேரே வரும்போது நிழல் அகன்ற அடிப்பகுதிக்குள்ளேயே அடங்கிவிடும், அவ்வளவுதான். அப்புறம், உச்சிக்கல் 80 டன் ஒற்றைக்கல் என்பதும் சரியல்ல, பல கற்களை இணைத்தது அது. 1010-இல் ராஜராஜன் முடித்த கோயிலின் உண்மையான அதிசயம் சுவரிலேயே இருக்கிறது: கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட ஆடல் மகளிரான 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும் அவரவர் வீடும் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. தயவுசெய்து அந்த எழுத்துகள்மேல் சாய்ந்து படம் எடுக்காதீர்கள்.