ஏஎன்ஏ பாசிட்டிவ்னா லூபஸ் கன்ஃபார்ம்னு அர்த்தமில்லீங்க

ஏஎன்ஏங்கறது நம்ம செல்லோட உட்கருவையே குறிவைக்கற ஆன்டிபாடி ரத்தத்துல இருக்கான்னு பாக்கற டெஸ்ட்; லூபஸ்ங்கறது நோய் எதிர்ப்பு சக்தி நம்ம உடம்பையே தாக்கற ஒரு நோய். இங்க ஒருத்தர் "ஏஎன்ஏ பாசிட்டிவ் வந்தா லூபஸ்தான், உடனே ஸ்டீராய்டு ஆரம்பிக்கணும்"னு போட்டிருக்காரு, தயவுசெஞ்சு அதைப் பாத்து யாரும் பயந்துடாதீங்க. நோயே இல்லாதவங்கள்லயே 100 பேர்ல சுமார் 13 பேருக்கு 1:80ல (அதாவது ரத்த மாதிரியை 80 மடங்கு நீர்க்க வச்சுப் பாத்தாலும்) பாசிட்டிவ் வரும், 1:160லயும் 5 பேருக்கு வரும், தைராய்டு பிரச்சனை இருந்தாலோ வயசானாலோ இன்னும் ஜாஸ்தி. 2019ல வந்த லூபஸ் வகைப்பாட்டுல கூட 1:80ங்கறது வெறும் நுழைவுச்சீட்டுதான், அதுக்கப்புறம் மூட்டு, தோல், கிட்னி, ரத்த அணுன்னு ஒவ்வொண்ணா பாத்து 10 பாயின்ட் சேரணும், அதுல ஒரு அறிகுறியாவது கட்டாயம் இருக்கணும்.

ரிப்போர்ட்ல "பேட்டர்ன்"னு (ஆன்டிபாடி செல்லுல எந்த வடிவத்துல ஒட்டியிருக்குன்னு சொல்ற) ஒரு வரி இருக்கும் பாருங்க, பாதிப் பேர் அதைப் படிக்கறதே இல்ல. சென்ட்ரோமியர்னு இருந்தா சந்தேகம் ஸ்க்லீரோடெர்மா (தோல் இறுகிப்போற நோய்) பக்கம் போகும். டென்ஸ் ஃபைன் ஸ்பெக்கிள்ட்னு இருந்து டிஎஃப்எஸ்70ங்கற ஆன்டிபாடி மட்டும் தனியா பாசிட்டிவ்னா பெரும்பாலும் லூபஸ் மாதிரி நோய் இருக்காது. டிஎஸ்டிஎன்ஏ, ஸ்மித்ங்கற ஆன்டிபாடிகள் பாசிட்டிவ்னா கதை வேற, லூபஸ் சந்தேகம் பலமாகும், யூரின்ல புரோட்டீன் போகுதான்னும் சேத்துப் பாப்பாங்க.

அப்புறம் மாசாமாசம் ஏஎன்ஏ திரும்ப எடுக்கறது தண்டச்செலவு, நோய் கூடுதா குறையுதான்னு அதுல தெரியாது.