உலக நிதியத்தில் பணக்கார நாடுகளுக்கு மட்டும்தான் ஓட்டா?

"எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியத்தில் பணம் போடும் நாடுகளுக்கே ஓட்டு" என்று சேலம், ஏற்காடு வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. அதன் வாரியத்தில் ஓட்டுள்ள இடங்கள் 20. நிதி தருவோர் பக்கம் 10. மறுபக்கமும் 10: வளரும் நாடுகளுக்கு 7, தொண்டு நிறுவனங்களுக்கு 2, இந்நோய்களோடு வாழ்கிறவர்களுக்கு 1. ஓட்டெடுப்பு என்று வந்தால் இரு பக்கமும் தனித்தனியாக மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். பணம் தருகிறவர்கள் மொத்தமாகக் கைதூக்கினாலும் அது மட்டும் போதாது.

இந்தியாவுக்குத் தனி இடம் இல்லை, சரி. தென்கிழக்கு ஆசிய நாடுகளோடு ஓரிடத்தைப் பகிர்கிறது. அது போதுமா என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஏற்காட்டு மலைக்கிராமத்தில் ஆறு மாதம் விடாமல் காசநோய் மாத்திரை விழுங்குகிறவரிடம் 'அங்கே உங்களுக்குக் குரலே இல்லை' என்று பரப்புவது அநியாயம்.