அண்ணாச்சி கேட்டது சரியான கேள்வி

ஞாயிற்றுக்கிழமை மும்பை மாட்டுங்காவில் நடந்த செயற்கை நுண்ணறிவுக் கூட்டத்தில், மளிகைக் கடை அண்ணாச்சி ஒருவர் பார்கோடு பற்றிக் கேட்டதும் அரங்கமே சிரித்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் அந்த அரங்கில் நான்காவது வரிசையில் இருந்தேன். எழுத வேண்டாம் என்று மூன்று நாளாக அடக்கிக்கொண்டிருந்தேன். இன்று காலை அந்த வீடியோவில் சிரிப்புச் சத்தம் சேர்த்து ஒருவர் எனக்கே அனுப்பினார். இனி என்னால் சும்மா இருக்க முடியாது.

அண்ணாச்சி கேட்டது சரியான கேள்வி.

செயற்கை நுண்ணறிவு பற்றி ஒன்றரை மணி நேரம் பேசியவர் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றார். தாராவியில் 30 வருடமாக மளிகைக் கடை நடத்தும் மனிதர் எழுந்தார். "தம்பி, புதுச் சரக்கு முன்னால் விற்றுப்போகிறது, பழையது பின்னால் தங்கிக் கெட்டுப்போகிறது. பார்கோடு போட்டால் இதைச் சரிசெய்ய முடியுமா?" என்று கேட்டார். "ஐயா, அது உங்கள் காலத்துத் தொழில்நுட்பம்" என்று பதில் வந்தது. அரங்கம் சிரித்தது. அண்ணாச்சி காபி கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

இதற்கு நேரான பதில் இருக்கிறது. கடைக்கு வரும் பாக்கெட்டுகளில் கம்பெனியின் பார்கோடு, அதாவது ஸ்கேனர் படிக்கும் கறுப்புக் கோடுகள், ஏற்கெனவே இருக்கும். ஆனால் அந்தக் கோடுகளுக்குக் கீழே இருக்கும் 13 இலக்கங்கள் அது என்ன பொருள் என்று மட்டும்தான் சொல்லும். கடைக்கு எப்போது வந்தது, எப்போது காலாவதியாகும் என்பது அதில் இருக்காது. அதற்குக் கடைக்காரரே ஒவ்வொரு முறை சரக்கு வரும்போதும் தனி எண் போட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்போது எது முதலில் வந்தது என்று தெரிந்து அதை முதலில் விற்கலாம். நம் கடைக்குள் மட்டும் பயன்படுத்த எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகியிருக்காது.

எனக்கு இது எப்படித் தெரியும்? சயான் கோலிவாடாவில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். 2021 மழைக்காலத்தில், மாவு புளித்துவிட்டது என்று ஒரு ஓட்டலிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். அது எந்த நாள் அரைத்தது என்று என்னாலும் சொல்ல முடியவில்லை, அரைத்தவர்களாலும் சொல்ல முடியவில்லை. குளிர்பெட்டியில் இரண்டு நாள் மாவும் கலந்து கிடந்தது. நல்லது எது, கெட்டது எது என்று தெரியாமல் 64 கிலோவையும் கொட்டினோம். கூட வேலை செய்யும் அக்கா அண்டாவைக் கழுவிக்கொண்டே அழுதார்.

அதன்பிறகுதான் லேபிள் அச்சிடும் சிறிய இயந்திரம் வாங்கினேன். முதலில் காகித லேபிள் போட்டோம். குளிர்பெட்டி ஈரத்தில் ஊறிக் கையோடு வந்துவிட்டது. பிறகு பிளாஸ்டிக் லேபிளுக்கும் மை ரிப்பன் வைத்து அச்சிடுவதற்கும் மாறினோம், இப்போது நிற்கிறது. தேதியும் கிரைண்டர் எண்ணும் சேர்ந்த ஒரு பார்கோடு, அவ்வளவுதான். ஸ்கேனர் என்பது கணினிக்கு இன்னொரு விசைப்பலகை மாதிரி. கோட்டின் மேல் காட்டினால் எக்செல் கட்டத்தில் எண்ணைத் தானே அடித்துவிடும். என் அண்ணன் மகள் ஒரே மாலையில் அக்காக்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டாள்.

பழசு என்கிறார்கள். கடையில் முதன்முதலாகப் பார்கோடு படிக்கப்பட்டது 1974-இல், ஒத்துக்கொள்கிறேன். இன்று வடா பாவ் வண்டியிலும் தொங்கும் க்யூஆர் கோடு மட்டும் நேற்றுப் பிறந்ததா? ஜப்பானின் டென்சோ வேவ் 1994-இல் கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க உருவாக்கியது அது. நம் ஊரில் 2016-இல் போனிலேயே பணம் அனுப்பும் யுபிஐ வந்த பிறகுதான் தெருவுக்குத் தெரு வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கட்டணத்தையும் அதில்தான் வாங்கினார்கள்.

இதே மும்பையில் அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகும் டப்பாவாலாக்கள் நூறு வருடத்துக்கு மேலாக டப்பா மூடியில் நிறமும் எழுத்தும் எண்ணும் போட்டே சாப்பாட்டைச் சரியான கட்டடத்துக்கும் மாடிக்கும் கொண்டுபோகிறார்கள். மேலாண்மை வகுப்புகளில் அதைப் பாடமாக வைத்துப் பாராட்டுகிறார்கள். அண்ணாச்சி கேட்டது அதையேதானே? சரக்கின் மேல் ஒரு குறி வேண்டும் என்றுதானே கேட்டார்?

நான் செயற்கை நுண்ணறிவுக்கு எதிரி என்று சிலர் வருவார்கள். இல்லை. நாளைக்கு எவ்வளவு மாவு விற்கும் என்று ஒரு மென்பொருள் சொன்னால் சந்தோஷமாக வாங்குவேன். ஆனால் நேற்று எவ்வளவு விற்றது என்ற கணக்கே இல்லாத கடைக்கு அது எதைப் பார்த்துச் சொல்லும்? அந்தக் கணக்கு எங்கிருந்து வரும் என்பதுதான் அண்ணாச்சியின் கேள்வி. அது சரியான கேள்வி.

நோட்டில் எழுதினால் போதாதா என்பவர்கள், விடியற்காலை ஐந்து மணிக்கு மாவுக் கையோடு நோட்டில் எழுதிப் பாருங்கள்.

விளையாட்டாகச் சொன்னதைப் பெரிதாக்குகிறாய் என்று நேற்றே இருவர் எழுதிவிட்டார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன். என் அப்பா தாராவியிலிருந்து சைக்கிளில் இட்லி விற்றவர். ஒரு முறை வங்கிக் கடனுக்குப் போனபோது என்னையும் கூட்டிப்போனார். எனக்கு அப்போது பத்து வயது. அப்பா தப்பான இந்தியில் ஒரு நல்ல கேள்வி கேட்டார், தவணையை வாரத்துக்கு ஒன்றாகக் கட்டலாமா என்று. அந்த அதிகாரி பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். அப்பாவும் கூடவே சிரித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். அதன்பிறகு எந்த அலுவலகத்திலும் அவர் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி உட்கார்ந்தபோது அதே முகத்தைத்தான் பார்த்தேன். அன்றைக்குச் சிரித்தவர் யாரோ ஒருவர். இன்றைக்குச் சிரித்தது நம் ஆட்கள். எழுந்து பேசாமல் நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன், அது என்னை இன்னும் உறுத்துகிறது.

நேற்று அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். வரும் ஞாயிறு மதியம் கடை மூடியதும் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். வீடியோவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "மிளகாய் வற்றல் சாக்கில் ஒட்டினால் நிற்குமாம்மா?" என்று கேட்டார். சாக்கில் நிற்காது அண்ணாச்சி, அட்டையில் ஒட்டி மூட்டையின் வாயில் கட்டிவிடலாம் என்றேன். சணல் கயிறு வாங்கி வைக்கிறேன் என்றார்.