இன்ஜினைத் திறக்காமலே தீர்ப்பு எழுதுகிறவர்களுக்கு

அந்த ஃபோட்டோவை நீங்கள் எல்லோரும் பார்த்தாயிற்று, அதனால் கதையை முதலிலிருந்து சொல்லவில்லை. செங்கப்பள்ளி தாண்டி, ரெக்கவரி வண்டி மேல் ஏற்றிக் கட்டியிருக்கும், இன்ஜின் போன என் பென்ஸ், ஓரமாக நான். எடுத்தவர் எங்கள் பங்காளி வகையில் ஒருவர். வண்டியை நிறுத்தி என்னாச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, கண்ணாடியை இறக்கி ஃபோட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். மேலே அவர் எழுதியது: "யானையைக் கட்டித் தீனி போட முடியாதவங்களுக்கு யானை எதுக்கு?" கீழே வரிசையாக வந்து இரும்புக்கடைக்குப் போடு, கிலோ என்ன விலைக்குப் போகும் என்றெல்லாம் எழுதியவர்களில் எங்கள் வீட்டு விசேஷத்தில் கை நனைத்தவர்களும் இருக்கிறார்கள்.

சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் மூன்று நாளாக போனில் வருகிறவர்கள் எல்லாம் ஒரே அறிவுரையைச் சொல்கிறார்கள். "வண்டி விலையே மூணரை லட்சம் போகாது, அதுக்கு நாலு லட்சம் போட்டு இன்ஜின் வேலை பார்ப்பாங்களா?" இதுதான் எல்லோருடைய கணக்கும். இந்தக் கணக்கே தப்பு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இன்ஜின் எதனால் போனது என்று பார்க்காமல், பாடி எப்படி இருக்கிறது என்று கீழே குனிந்து ஒரு தடவை பார்க்காமல், 1996 மாடல் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு காரை முடித்துவிடக் கூடாது.

விற்கிற விலையை வைத்துச் செலவை அளக்கிறீர்களே, நான் என்ன விற்கவா போகிறேன்? ஓட்டப்போகிறேன். அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி, அதே நாலு லட்சத்துக்கு எனக்கு வேறு என்ன கிடைக்கும் என்பது. புதிதாக 15 லட்சத்துக்கு ஒரு வண்டி எடுத்தால், தமிழ்நாட்டில் 2023 நவம்பருக்கு அப்புறம் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரி மட்டும் 18 சதவீதம். 2,70,000 ரூபாய். வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடும் முன்னே போகிற பணம் இது. இன்சூரன்ஸ் கம்பெனிக் கணக்கில் ஒரு வருடம் முடிந்தால் 20 சதவீதம் கழிவு, ஐந்தாவது வருடத்தில் சரிபாதி கழிவு. 15 லட்சம் வண்டி ஏழரை லட்சம் ஆகிறது. ஐந்து வருடத்தில் அந்த ஏழரை லட்சத்தை இழக்கிறவரை யாரும் ஃபோட்டோ எடுத்துப் போட்டு யானை என்று எழுதுவதில்லை. மாதத் தவணையில் போகிற பணம் யார் கண்ணுக்கும் தெரியாது. லேத்துக்காரரிடம் மொத்தமாகக் கொடுக்கிற பணம் மட்டும் எல்லோர் கண்ணையும் உறுத்துகிறது.

என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன். ரேடியேட்டருக்குப் போகிற மேல் ஹோஸ் கிழிந்து தண்ணீர் முழுக்க வெளியே போய்விட்டது. தண்ணீரே இல்லாவிட்டால் டெம்பரேச்சர் சென்சார் வெறும் காற்றில் நிற்கும், சூடு தெரியாது, முள் ஏற வேண்டிய அளவுக்கு ஏறாது. அதனால் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாலும் காட்டிக் கொடுக்காது. சத்தம் மாறி, இழுவை குறைந்து, ஓரம் கட்டுவதற்குள் வண்டி நின்றுவிட்டது. இது ஹோஸ் போனதால் வந்த வினை, வயதாகி இன்ஜின் தேய்ந்துபோனதால் வந்தது இல்லை. முடிவே இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆயில் குடித்துக் குடித்து, புகை கக்கி, கம்ப்ரஷன் இல்லாமல் போன இன்ஜினும், நன்றாக ஓடிக்கொண்டிருந்து சூட்டில் போன இன்ஜினும் ஒன்றா?

முதலில் கொண்டுபோனது எல்லா பிராண்டு கார்களும் பார்க்கிற ஒரு பெரிய ஒர்க்ஷாப்புக்கு. பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. ஆர்சி புத்தகத்தை வாங்கி வருடத்தைப் பார்த்தார். "சார், இதுக்கெல்லாம் செலவு பண்ணாதீங்க, எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துடுங்க" என்றார். டாக்டர் நாடி பிடிக்காமல் ஆதார் கார்டைப் பார்த்து மருந்து எழுதினால் ஒத்துக்கொள்வீர்களா? அங்கிருந்து கோவை கணபதிக்குக் கொண்டுவந்தேன். அப்பாவின் பட்டறை இருந்த தெருவுக்குப் பக்கத்துத் தெருவில், டீசல் வேலை மட்டும் பார்க்கிற ஒரு அண்ணா. அவர் சொன்னது ஒரே வரி. "கழட்டிப் பாத்துட்டுச் சொல்றேனுங்க, அதுக்கு முன்னாடி சொன்னா அது பொய்யுங்க."

கழற்றிய அன்று நானும் போய் நின்றேன். டிரெயின் போல்ட்டைத் திறந்ததும் ஆயில் பால் விட்ட காபி மாதிரி வந்தது, அதாவது தண்ணீர் கலந்துவிட்டது. பிளாக்குக்கும் அதை மேலே மூடுகிற ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற ஹெட் கேஸ்கட், மூன்றாவது சிலிண்டருக்கும் நாலாவதுக்கும் நடுவில் எரிந்து கருகியிருந்தது. ஹெட்டைத் துடைத்து, ஸ்டீல் ஸ்கேலை நெடுக்காக வைத்து, அடியில் இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜை ஒவ்வொரு தகடாக நுழைத்துப் பார்த்தார், நடுவில் உள்ளே போனது. ஹெட் வளைந்திருக்கிறது. இந்த வண்டியில் இருக்கிற 605 வகை டீசல் இன்ஜினுக்கு பிளாக் வார்ப்பு இரும்பு, ஹெட் அலுமினியம். சூட்டில் முதலில் வளைவது ஹெட்தான். அப்புறம் டார்ச்சை சிலிண்டருக்குள் அடித்துக் காட்டினார். ஆயில் நிற்பதற்காக சிலிண்டர் சுவரில் கம்பெனியில் போட்ட ஹோனிங் கோடுகள், குறுக்கும் நெடுக்குமாக, ஐந்து சிலிண்டரிலும் இன்னும் தெளிவாகத் தெரிந்தன, அதாவது சிலிண்டர் தேயவில்லை. மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டிய இன்ஜின் அது. "இதப் போயி தூக்கிப் போடச் சொன்னாங்களாங்க?" என்று கேட்டார் அண்ணா. எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

அந்தக் கோடுகள் அழியாமல் இருப்பது சும்மா இல்லை. அப்பா இந்த வண்டியை ஒரு மில் முதலாளி வீட்டிலிருந்து பழைய வண்டியாக வாங்கியபோது, பம்ப் பாகங்கள் கடைசல் செய்துகொடுக்கிற பட்டறை நன்றாக ஓடிக்கொண்டிருந்த நேரம். கடன் வாங்கவில்லை. ஒவ்வொரு ஆயில் மாற்றத்தையும் ஒரு நீளமான ரூல்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். தேதி, கிலோமீட்டர், ஆயில் எத்தனை லிட்டர், ஃபில்டர் எங்கே வாங்கியது. பட்டறை நொடித்துப்போய் மெஷின்களை ஒவ்வொன்றாக விற்ற வருடத்திலும் அந்த நோட்டில் ஒரு வரி விட்டுப்போகவில்லை. இன்று யானை என்று எழுதிய அதே பங்காளி, அந்த வருடத்தில் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இதை இங்கே எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

எங்கள் ஊரில் கிணற்று மோட்டார் எரிந்துபோனால் காயில் ரீவைண்டிங்குக்குக் கொடுப்பார்கள். மோட்டார் போயிற்று என்று கிணற்றை மூடின ஆளை நான் பார்த்ததில்லை.

"ஸ்பேர் கிடைக்காது" என்பார்கள். என் வண்டி டபிள்யூ 124, உலகம் முழுக்க லட்சக்கணக்கில் ஓடிய மாடல். இந்தியாவில் பென்ஸ் கம்பெனி டெல்கோவோடு (இன்றைய டாடா மோட்டார்ஸ்) சேர்ந்து 1995-இல் புனே பக்கம் கட்டத் தொடங்கிய முதல் கார் இதுதான். பழைய கார்களுக்கென்றே ஜெர்மனியில் தனியாக ஒரு கிளாசிக் பிரிவை 1993-லிருந்து அவர்கள் நடத்துகிறார்கள். காத்திருக்க வேண்டும், விலை கூட இருக்கும், ஆனால் கிடைக்கும்.

"ஏதாவது டொயோட்டா டீசல் இன்ஜினைத் தூக்கி வைத்துவிடு, ஆயுசுக்கும் பிரச்சினை இல்லை" என்பவர்கள் இன்னொரு பக்கம். இவர்கள் நல்லது நினைத்துத்தான் சொல்கிறார்கள், ஆனால் தெரிந்துகொள்ளுங்கள். ஆர்சியில் இன்ஜின் நம்பர் இருக்கிறது. அதே வகை இன்ஜின் மாற்றினால்கூட ஆர்டிஓ அனுமதி வாங்கி நம்பரை ஏற்ற வேண்டும். கம்பெனி கொடுத்த அமைப்பையே மாற்றக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேறு இன்ஜினோடு ஓடி, நாளைக்கு ஒருவர் மேல் மோதினால் இன்சூரன்ஸ்காரர் கையை விரிப்பார். அதே போலத்தான் ரசீது இல்லாமல் வருகிற பழைய இன்ஜினும். விலை குறைவு என்று வாங்கினால் அது எந்த வண்டியிலிருந்து இறக்கியது, அந்த வண்டி யாருடையது என்று போலீஸ் நம்மைத்தான் கேட்கும்.

"பழைய டீசல், ஊரைக் கெடுக்கிறாய்" என்பது ஒன்று. டெல்லியில் பத்து வருட டீசலுக்குப் போட்ட தடையை இங்கே கொண்டுவந்து பேசுகிறார்கள். தமிழ்நாட்டில் அந்த விதி கிடையாது. பசுமை வரி கட்டுகிறேன், புகைச் சான்றிதழ் வாங்குகிறேன், இருபது வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 2025 ஆகஸ்டிலிருந்து 10,000 ரூபாய் ஆக்கியிருக்கிறார்கள், அதையும் கட்டப்போகிறேன். மாதத்தில் சில நாள் ஓடுகிற வண்டி இது. இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்?

எல்லாப் பழைய சொகுசுக் காருக்கும் இன்ஜின் போடு என்று நான் சொல்லவில்லை, அப்படித் திரித்துவிடாதீர்கள். 2010 வாக்கில் வந்த ஜெர்மன் கார்களை ஆறு ஏழு லட்சத்துக்கு வாங்குகிறார்களே, அந்தக் கதை வேறு. பி.எம்.டபிள்யூவின் என்47 டீசலில் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது, செயின் மாற்றவே இன்ஜினை இறக்க வேண்டும். வண்டி முழுக்க கம்ப்யூட்டர், ஒவ்வொரு பாகத்துக்கும் கோடிங். அந்த வகையில் ஏர் சஸ்பென்ஷன் வைத்த வண்டியென்றால் இன்ஜினுக்கு எட்டு லட்சம் போட்ட அடுத்த மழைக்கே அது உட்கார்ந்துவிடும். ஜாக்கி வைக்கிற இடத்தில் துரு தின்றிருந்தால், ஒயரிங் பொடிந்து உதிர்ந்தால், கியர்பாக்ஸும் வழுக்கினால், விட்டுவிடுங்கள். நானே அழைத்துக்கொண்டு போய் ஸ்கிராப் சென்டரில் விட்டு, புது வண்டி வரியில் சலுகைக்கான சான்றிதழையும் வாங்கித் தருகிறேன். என் வண்டியில் அடிப்பலகையில் கை விரல் அளவுகூடத் துரு இல்லை. கதவைச் சாத்தினால் இன்றைக்கும் ஒரே சத்தம்தான் வரும். முன் கண்ணாடியில் எம்பி எம்பித் துடைக்கிற ஒற்றை வைப்பர், 86 சதவீதக் கண்ணாடியைத் துடைக்கும் என்று அந்தக் காலத்தில் பெருமையாகச் சொன்ன வைப்பர், நேற்றுப் போட்டுப் பார்த்தேன், ஓடுகிறது.

ஸ்டுட்கார்ட்டில் பென்ஸ் மியூசியத்தில் ஒரு பழைய 240டி டாக்சி நிற்கிறது. கிரீஸில் தெசலோனிக்கியில் ஓடியது, 46 லட்சம் கிலோமீட்டர். ஓட்டியவர் இன்ஜின்களை மாற்றி மாற்றிப் போட்டே அவ்வளவு தூரம் ஓட்டினார், 2004-இல் அதைக் கம்பெனியின் மியூசியத்துக்கே கொடுத்துவிட்டார். அவரிடமும் யாராவது வந்து வண்டி விலை என்ன, இன்ஜின் விலை என்ன என்று கேட்டிருப்பார்கள். நம் அவிநாசி ரோட்டில் ஜீடீ கார் மியூசியத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் ஒவ்வொரு கார் முன்னாலும் நின்று படம் எடுக்கிறீர்களே, அங்கே நிற்பது எல்லாம் யாரோ ஒருவர் இரும்புக்கடைக்குப் போடாமல் வைத்திருந்த வண்டிகள்தானே? யாரோ வைத்திருந்தால் பாரம்பரியம், நம் சொந்தத்தில் ஒருவன் வைத்திருந்தால் வீம்பா?

பந்தா என்றும் ஒருவர் எழுதியிருந்தார். பந்தாவுக்கு வேண்டுமென்றால் அந்த நாலு லட்சத்தை முன்பணமாகக் கட்டிப் பளபளவென்று ஒரு எஸ்யூவி எடுத்து வாசலில் நிறுத்தியிருப்பேனே. தெருவே வந்து பார்த்திருக்கும், நீங்களும் லைக் போட்டிருப்பீர்கள்.

இப்போது நிலவரம் இது. இன்ஜின் இறக்கியாயிற்று. பிளாக், கிராங்க் இரண்டும் நன்றாக இருக்கின்றன. பேரிங், ரிங், கேஸ்கட் செட் சொல்லியாயிற்று. ஹெட்டை பிரஷர் டெஸ்ட்டுக்குக் கொடுத்திருக்கிறேன். கிராக் இல்லை என்றால் ஃபேஸிங் போட்டு, அதாவது வளைந்த முகத்தைச் சமமாகச் சீவி, அதையே மாட்டுவோம், ஆனால் டீசல் ஹெட்டை இஷ்டத்துக்குச் சீவ முடியாது, அளவு தாண்டினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். கிராக் இருந்தால் வேறு ஹெட் வேண்டும். உக்கடத்திலோ சென்னை புதுப்பேட்டையிலோ 605 ஹெட் வைத்திருப்பவர்களைத் தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். டெஸ்ட் செய்துதான் எடுப்பேன், பில் வேண்டும்.