கட்டிங்குக்கு நூற்றைம்பது, கத்தரி பிடித்தவருக்கு எவ்வளவு?

"நூத்தம்பது ரூபாயா? பத்து நிமிஷ வேலைக்கா?" சலூனில் இப்படி முணுமுணுக்காதவர் குறைவு. அந்தப் பணம் முழுதும் கத்தரி பிடித்தவரின் பைக்குப் போகிறது என்று அவர்களுக்கு நினைப்பு.

பெரும்பாலும் நடப்பது வேறு. சேர் முதலாளியுடையது, கை வேலை செய்பவருடையது. பாதிக்குப் பாதி ஷேர், இல்லையென்றால் அறுபது நாற்பது. ஃபேஷியல், கலரிங் என்றால் க்ரீம் செலவைக் கழித்துவிட்டுப் பங்கு போடுவார்கள். ஒரு நாளைக்கு எட்டுப் பேர் கட்டிங்குக்கு வருகிறார்கள் என்று வையுங்கள். 1,200 ரூபாயில் அவருக்கு 600. மாதம் 26 நாளும் அதே கூட்டம் என்றால் 15,600. ஆனால் அந்தக் கூட்டம் எல்லா நாளும் வராது.

எங்கள் வேலூரில் காட்பாடிக் கடைகளைப் பாருங்கள். வி.ஐ.டி. பசங்க ஊரில் இருக்கும்வரை ஃபேடு, பியர்டு ட்ரிம் என்று சேர் காலியாவதில்லை. செமஸ்டர் லீவு விட்டால் வாசலில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கார்த்திகை பிறந்தால் பாதி வாடிக்கை ஐயப்பனுக்கு மாலை போட்டுவிடும்; தை வரை அந்தத் தாடிகளில் கத்தி படாது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, அதனால் மாப்பிள்ளை ஃபேஷியலும் இல்லை. இதற்கு நேர்மாறாக, ரம்ஜானுக்கு முந்தின இரவு ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் போனால் உட்கார இடம் கிடைக்காது. ஒரே ராத்திரியில் ஒரு வார வரும்படி பார்த்துவிடலாம், இடுப்பு தாங்கினால்.

காந்தி ரோடு தனிக் கதை. அங்கிருக்கும் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருஷம் பூரா நோயாளிகள் வருகிறார்கள், அதனால் சீசன் அடி குறைவு. ஆனால் வைத்தியத்துக்குக் காசை எண்ணிச் செலவழிக்கும் குடும்பம் ஃபேஷியலா பண்ணிக்கொள்ளும்? ஷேவிங், கட்டிங், அவ்வளவுதான். அங்கே கை சுத்தத்தோடு நாலு வார்த்தை இந்தியோ வங்காளமோ பேசத் தெரிந்தவருக்குத்தான் ஆள் சேரும்.

தொழில் தெரிந்தால் சம்பாதிக்கலாம் என்பார்கள். தெரிந்தவரைத் தேடி ஆள் வருவது உண்மை. "அந்தத் தம்பி இல்லையா? சரி, அப்புறம் வரேன்" என்று திரும்பிப் போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் எவ்வளவு நல்ல கையானாலும் காலி சேரில் வெட்ட முடியாதே. காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஒன்பது வரை கடையில் நிற்கிறார். வெட்டிய நேரத்துக்கு மட்டும்தான் காசு, காத்திருந்த நேரத்துக்கு ஒன்றும் இல்லை. என் ஆத்திரம் இதில்தான். 2020 ஊரடங்கில் மார்ச் கடைசியில் மூடிய சலூன்களுக்கு எங்கள் டவுனில் மே 24ஆம் தேதிதான் அனுமதி வந்தது. இரண்டு மாதம் வியாபாரம் சைபர், ஷேரும் சைபர்.

முதலாளியும் கோடீஸ்வரர் இல்லை, தெரியும். கடை அட்வான்ஸ், வாடகை, ஏசி ஓடும் கமர்ஷியல் மீட்டர் எல்லாம் அவர் தலையில். பல கடைகளில் அவரே இன்னொரு சேரில் நின்று வெட்டிக்கொண்டிருப்பார். இருந்தாலும் கூட்டம் இல்லாத மாதத்தின் நஷ்டத்தைக் கையில் சேமிப்பே இல்லாத ஆள் தலையில் கட்டுவது எப்படிச் சரியாகும்? மாதம் ஒரு அடிப்படைத் தொகை, அதற்கு மேல் ஷேர் என்று பேசிக்கொள்ளலாம். பெரிய பார்லர்களில் சம்பளம், இன்சென்டிவ் என்று இது ஏற்கெனவே நடக்கிறது. அதற்காகக் கட்டிங்குக்கு இன்னும் இருபது ரூபாய் கூடினால், நான் பேரம் பேசாமல் கொடுப்பேன்.